வேரின் திறவுகோலும் பயனரின் பெயரும்

பலர் கூடி ஒரு பொருளைப் பயன்படுத்தும் இடங்களிலெல்லாம் “இவர் யார்? இவருக்குரியது எது?” என்னும் வினாக்கள் எழுவது இயல்பு. நூலகத்திலே அங்கத்தவர் அட்டை உண்டு. வங்கியிலே கணக்குப் புத்தகம் உண்டு. பாடசாலையிலே இடாப்பு உண்டு. இவற்றில் பெயர் பதியப்பெறாதவர் அவ்விடத்து உரிமை எதனையும் கோர இயலாது. கணினியும் இவ்வழக்கத்திற்குப் புறம்பானதன்று. அதனைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் அதனுள்ளே ஒரு கணக்கு இருத்தல் வேண்டும். அக்கணக்கினைத் திறக்கும் வேலையை இயந்திரத்திடமே எவ்வாறு ஒப்படைப்பது, எந்த அளவிற்கு ஒப்படைப்பது என்பனவே இப்பேச்சின் பொருள்.

கணினிக்குக் கணக்கு முறை வந்த வரலாறு சுவையானது. தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையையே கணினி செய்தது. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திலே பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறைமையொன்றை 1961ஆம் ஆண்டிலே செய்து காட்டினர். பலர் புழங்கும் இடமாயிற்று. ஆகவே ஒருவருடைய கோப்பினை மற்றவர் எடுத்தல் கூடாது என்பதற்காகக் கடவுச்சொல் முறையும் அங்கே புகுத்தப்பட்டது. ஆனால், புகுத்தப்பட்ட சிறிது காலத்திலேயே அதன் பலவீனமும் வெளிப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் ஒருநாள், அன்றைய அறிவித்தலைத் தாங்கிய கோப்பும் எல்லோருடைய கடவுச்சொற்களையும் தாங்கிய கோப்பும் தற்செயலாக இடம் மாறிவிட்டன. அன்று கணினிக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் காலை வணக்கத்திற்குப் பதிலாகப் பிறருடைய கடவுச்சொற்களே காட்சியளித்தன! கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதிவைத்தல் ஆகாது என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி கற்பித்தது. இப்பாடம் பின்னரும் பயன்படும்.

1969ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். அதனைப் பின்பற்றி, பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டிலே லினக்ஸ் என்பதன் கருவை வெளியிட்டார். இவ்விரு முறைமைகளிலும் பயனர் இடாப்பு ஒன்று உண்டு. ஒரு பயனருக்கு ஒரு வரி. ஒரு வரியில் ஏழு கூறுகள். அவருடைய பெயர், கடவுச்சொல்லுக்குரிய இடம், அவருடைய எண், அவர் சார்ந்த குழுவின் எண், அவரைப் பற்றிய குறிப்பு, அவருடைய இல்லம் எனப்படும் அடைவு, அவர் கட்டளையிடும்போது செவிசாய்க்கும் நிரலின் பெயர் என்பனவே அவை. கடவுச்சொல்லுக்குரிய இடத்திலே இக்காலத்தில் ஓர் அடையாளக்குறி மாத்திரமே இருக்கும். கடவுச்சொல்லிலிருந்து கணித்துப் பெற்ற, மீண்டும் சொல்லாக மாற்றுதற்கு அரிய ஒரு குறியீடு வேறொரு மறைவான கோப்பிலே வைக்கப்படுகிறது.

இவ்விடாப்பிலே முதலிடம் பெறுபவர் பூச்சியம் என்னும் எண்ணுக்குரியவர். அவருக்கு ‘ரூட்’ என்று பெயர். வேர் என்பது பொருள். வேருக்கு வரம்பு இல்லை. எந்தக் கோப்பையும் படிக்கலாம், எதனையும் திருத்தலாம், எதனையும் அழிக்கலாம். மற்றைப் பயனர்களைப் பார்த்து “உமக்கு அனுமதி இல்லை” என்று மறுக்கும் முறைமை, வேரிடம் அவ்வாறு கேட்பதில்லை.

நிற்க. இன்று இவ்விடயம் சாதாரண மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியதாகியதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் தன்னுடைய விண்டோஸ் முறைமையின் உள்ளேயே லினக்ஸை இயக்குவதற்கான வசதியை 2016ஆம் ஆண்டிலே வெளியிட்டது. அதன் இரண்டாம் வடிவம், உண்மையான லினக்ஸ் கருவையே கொண்டதாய், 2020ஆம் ஆண்டிலே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. சுருக்கமாக டபிள்யூ.எஸ்.எல். என்று அதனை அழைப்பர். படங்களையும் பொத்தான்களையும் சுட்டி வேலைவாங்கும் கணினிக்குள்ளே, எழுத்தாற் கட்டளையிட்டு வேலைவாங்கும் மற்றொரு களம் இவ்வாறு அமைந்தது. ஒரு சொல்லைத் தட்டச்சுச் செய்தால் ஒரு செயல் நடைபெறும். இதனையே கட்டளை வரி என்பர். நிரலாக்கம் கற்போர் இன்று பெரிதும் நாடுவது இக்களத்தையே.

இக்களத்தை அமைக்க இரு வழிகள் உள. முதலாவது, இணையத்திலிருந்து நேரே நிறுவுதல். இவ்வழியிற் சென்றால் முதன்முறை திறக்கும்போதே கணினி நம்மை வரவேற்று, “பயனர் பெயர் யாது? கடவுச்சொல் யாது?” என்று வினவும். விடையளித்ததும் கணக்குத் தோன்றிவிடும். இரண்டாவது வழி, ஆயத்தமாகப் பொதிந்து வைக்கப்பட்ட லினக்ஸ் ஒன்றை இறக்குமதி செய்தல். இப்பொதிக்குத் ‘தார்’ என்று பெயர். காந்த நாடாக்களிலே கோப்புகளைச் சேமித்த காலத்து ஆங்கிலத் தொடரொன்றின் சுருக்கமே அது. நாடா போயிற்று, பெயர் நிலைத்தது. இறக்குமதிக் கட்டளைக்கு மூன்று செய்திகளைக் கொடுத்தாற் போதும்: களத்திற்கு இடும் பெயர், அதனை வைக்கும் இடம், பொதியின் பெயர். சிறிது நேரத்தில் களம் ஆயத்தமாகிவிடும்.

ஒரு பாடசாலைக் கணினிக்கூடத்திலே முப்பது கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். முப்பதிலும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்குவதாயின் காலமும் செலவும் மிகும். ஒரு பொதியை ஒருமுறை ஆக்கி, அதனையே எல்லாவற்றிலும் இறக்குமதி செய்தல் சிக்கனமானது. ஆகவே ஆசிரியர்கள் இரண்டாம் வழியையே விரும்புவர்.

ஆனால் இவ்வழியிலே ஒரு குறை உண்டு. இறக்குமதி செய்த களத்தைத் திறந்தால் பெயரும் கேட்கப்படுவதில்லை, கடவுச்சொல்லும் கேட்கப்படுவதில்லை. முன்னே கூறிய வினாக்களைத் தொடுப்பது முதல் வழியோடு வரும் வரவேற்பு நிரலின் வேலை. இறக்குமதிக் கட்டளையோ பொதியை விரித்து வைப்பதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. எனவே திறப்பவர் எவராயினும் நேரே வேராகவே உள்ளே நுழைகிறார். பன்னிரண்டு வயதுச் சிறுவனும் வேர். பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேர்!

இதனால் விளையும் தீங்கு யாது? சிலர் இதனை மிகைப்படுத்துவதும் உண்டு. ஆதலால் அளவறிந்து கூறுதல் நன்று. விண்டோஸிலே தமக்குரிய கணக்கினுள் நுழைந்த ஒருவர், தம்முடைய லினக்ஸ் களத்தினுள்ளே விரும்பியபோது வேராகச் செல்ல முடியும். அதற்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை. லினக்ஸில் வேராயிருப்பதனால் விண்டோஸ் கோப்புகளின் மீது அவருக்குப் புதிய அதிகாரம் வருவதுமில்லை. ஆகவே இங்கே பயனர் கணக்கென்பது களத்தின் சொந்தக்காரரைத் தடுக்கும் மதிலாகாது. தன் கையே தன் கண்ணைக் குத்தாமற் காக்கும் ஒழுங்கு என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

அவ்வொழுங்கு இல்லாதவிடத்து நேர்வனவற்றைக் காண்போம். நீக்கும் கட்டளை ஒன்றைத் தட்டச்சுச் செய்யும்போது நடுவே ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்தால், ஓர் அடைவின் பெயர் இரண்டு பெயர்களாகப் பிரிந்து, நீக்க எண்ணாத வேறோர் அடைவு முழுவதும் மறைந்துபோகக் கூடும். முறைமைக்குரிய அடைவுகளைச் சாதாரணப் பயனர் இவ்வாறு தொட்டால் “அனுமதி இல்லை” என்னும் மறுமொழி அவரைக் காக்கும். வேரைக் காப்பார் இல்லை. மேலும், சில மென்பொருள்கள் வேரின் பெயரால் இயங்க மறுக்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள முறைமை அவற்றுள் ஒன்று. மூன்றாவதாக, வேராயிருந்து ஆக்கிய கோப்புகள் யாவும் வேருக்கே உரியனவாகின்றன. ஒரு தவணை முழுவதும் வேராக வேலைசெய்த மாணவன், பின்னர் தன் பெயரில் நுழைந்தால், தான் எழுதிய பாடங்களையே திருத்த முடியாது திகைக்க நேரிடும்.

இனி, கணக்கைக் கையால் அமைக்கும் முறையைக் காண்போம். செயல்கள் ஐந்து. புதிய பயனரை இடாப்பிற் சேர்த்தல் முதலாவது. அவருக்கு ஒரு கடவுச்சொல்லை அமைத்தல் இரண்டாவது. வேண்டியபோது மாத்திரம், தம் கடவுச்சொல்லைக் கொடுத்து, வேரின் அதிகாரத்தைச் சற்று இரவல் பெறும் குழுவிலே அவரைச் சேர்த்தல் மூன்றாவது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளிலே அக்குழுவின் பெயர் ‘சூடோ’. பெடோரா முதலியவற்றில் அதன் பெயர் ‘வீல்’. இக்களத்தைத் திறப்போர் இனி இப்பெயரிலேயே நுழைய வேண்டும் என்று, களத்தின் அமைப்புக் கோப்பிலே பயனர் என்னும் தலைப்பின் கீழ் எழுதுதல் நான்காவது. களத்தை முற்றாக நிறுத்தி மீண்டும் திறத்தல் ஐந்தாவது. அமைப்புக் கோப்பு, களம் தொடங்கும் வேளையில் மாத்திரமே படிக்கப்படுகிறது. சாளரத்தை மூடிய மறுகணமே மீண்டும் திறப்பவர், களம் உண்மையில் நிற்காதிருத்தலால் மாற்றம் எதனையும் காணாது மயங்குவர். நிறுத்துவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அதனைப் பயன்படுத்துவதே முறை.

முப்பது கணினிகளில் ஐந்து செயல்கள் என்றால் நூற்றைம்பது செயல்கள் ஆகின்றன. எத்துணைக் கவனமுள்ளவரும் எங்கேனும் ஒரு பிழை விடுவர். ஆகவே இச்செயல்களை ஒரு கோப்பிலே வரிசையாக எழுதி, அக்கோப்பினையே இயக்குதல் சிறந்தது. இதனை ஆணைத்தொடர் எனலாம். சமையற் குறிப்பைப் படித்து இயந்திரமே சமைப்பது போன்றது இது. குறிப்பிலே பிழை இருப்பின் முப்பது பானையிலும் அப்பிழை வேகும் என்பதையும் மறத்தல் ஆகாது. எனவே ஆணைத்தொடர் எழுதுவோர் கருத்திற் கொள்ளவேண்டியவை சில உள.

முதலாவது, மறுமுறை இயக்கினாலும் தீங்கு விளையாதிருத்தல். மின்சாரம் தடைப்பட்டு இடையிலே நின்ற ஆணைத்தொடரை மீண்டும் இயக்க நேரலாம். அப்போது, “இப்பெயர் இடாப்பில் உண்டா? இருப்பின் விடு, இன்றேற் சேர்” என்று கேட்டுச் செயற்படுதல் வேண்டும். அமைப்புக் கோப்பிலே எழுதும்போதும் இவ்விதியே. கேளாது எழுதினால் ஒரே தலைப்பு இருமுறை வந்துவிடும்; பழையதை அழித்துப் புதிதாக எழுதினாலோ, அக்கோப்பில் இருந்த வேறு அமைப்புகளும் உடன் அழிந்துவிடும்.

இரண்டாவது, முதற் பிழையிலேயே நின்றுவிடுதல். கேட்டுக்கொண்டாலன்றி ஆணைத்தொடர், ஒரு செயல் தவறினும் அடுத்ததற்குச் சென்றுவிடும் இயல்புடையது. பயனரைச் சேர்க்கும் செயல் தவறிய பின்னர், இல்லாத பயனரின் பெயரை அமைப்புக் கோப்பில் எழுதுவது, கட்டாத வீட்டிற்கு முகவரி கொடுப்பதாகும். பிழை நேர்ந்தால் நிற்க என்னும் கட்டளையை ஆணைத்தொடரின் தலையிலேயே இடுதல் வேண்டும்.

மூன்றாவது, சிறு குறிகளின் பெரும் பொருளை அறிதல். பயனரைச் சேர்ப்பதற்கு ‘யூசர்ஆட்’ என்னும் கட்டளை உண்டு. டெபியன், உபுண்டு வகைகளிலே, இல்லம் அமைக்குமாறு உரிய குறியினாற் கேட்டாலன்றி அது இல்ல அடைவை ஆக்குவதில்லை. பெயர் இருக்கும், குடியிருக்க வீடு இராது. அவ்வாறே, பயனரைக் குழுவிற் சேர்க்கும் ‘யூசர்மொட்’ என்னும் கட்டளையில், ‘மேலதிகமாக’ என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து விடுபட்டால், அவர் ஏற்கெனவே மேலதிகமாகச் சேர்ந்திருந்த குழுக்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டு, புதிய குழுவில் மாத்திரம் எஞ்சுவார். ஓர் எழுத்தின் பிழை இது.

நான்காவது, கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்து. பழைய தட்டச்சு இயந்திரத்திலே ஒரு வரி முடிந்ததும், உருளையை இடப்பக்கத் தொடக்கத்திற்குக் கொண்டுவருதலும், தாளை ஒரு வரி உயர்த்துதலும் என இரு செயல்கள் உண்டு. விண்டோஸ் இன்றும் வரி முடிவிலே இவ்விரண்டையும் குறிக்கும் இரு குறிகளை இடுவது வழக்கம். லினக்ஸோ ஒன்றை மாத்திரமே இடும். விண்டோஸில் எழுதிய ஆணைத்தொடரை லினக்ஸில் இயக்கும்போது, மிகுதியான அக்குறி கட்டளையின் வாலாக ஒட்டிக்கொள்கிறது. எழுத்திலே பிழை ஒன்றும் காணப்படாதிருக்க, “இப்படியொரு கட்டளை இல்லை” என்று கணினி சாதிக்கும். லினக்ஸுக்கேற்ற வரி முடிவோடு கோப்பைச் சேமித்தலே இதற்கு மருந்து.

ஐந்தாவதும் தலையாயதுமான விடயம் கடவுச்சொல். எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைத்துப் பழகியவர்க்கு, கடவுச்சொல்லையும் ஆணைத்தொடரிலேயே எழுதிவிட்டால் என்ன என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பு. அவ்வாறு எழுதிய கோப்பு கையிலிருந்து கைக்குச் செல்லும், படி எடுக்கப்படும், மேசைமேற் கிடக்கும். முப்பது மாணவர்க்கும் ஒரே கடவுச்சொல் அமையும். அதனை எல்லோரும் அறிவர். 1960களிலே தற்செயலாக நிகழ்ந்ததனை, இவர் தாமே முயன்று நிகழ்த்தியவர் ஆகிறார்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ஒரு கணினியிலே கணக்கு முதலியவற்றை முழுவதும் அமைத்து, அக்களத்தையே பொதியாக்கி, மற்றைக் கணினிகளில் இறக்குமதி செய்துவிட்டால் ஆணைத்தொடரே தேவையில்லை அல்லவா என்று சிலர் கேட்பர். வேலை எளிதுதான். ஆனால் அப்பொதியினுள்ளே முதற் பயனரின் பெயரும், கடவுச்சொல்லின் குறியீடும், அவருடைய இல்லத்தில் உள்ள தனிப்பட்ட கோப்புகளும், அவர் இட்ட கட்டளைகளின் பதிவும், தூரத்துக் கணினிகளுக்குள் நுழைவதற்கு அவர் வைத்திருந்த இரகசியத் திறவிகளும் சேர்ந்தே செல்லும். ஒருவருடைய வீட்டின் திறப்பை முப்பது பேருக்குப் படியெடுத்துக் கொடுத்தல் போன்றதே இது. பொதியிலே பொதுவான மென்பொருள்கள் மாத்திரம் இருக்கட்டும். ஆட்கள் இருத்தல் வேண்டா.

ஆகவே நல்ல ஆணைத்தொடர் எவ்வாறு நடந்துகொள்ளும்? பெயரை ஒருமுறை கேட்கும். அது சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்கி, இடைவெளியின்றி அமைந்துள்ளதா என்று பார்க்கும். பயனரைச் சேர்க்கும்; இல்லத்தை அமைக்கும்; குழுவிலே பதியும். கடவுச்சொல் வேண்டிய இடத்துக்கு வந்ததும் தானே எதனையும் நிரப்பாது நின்று, எதிரில் இருப்பவரைக் கேட்கும். மாணவர் தம் விரல்களால் அதனைத் தட்டச்சுச் செய்வர், திரையிலே ஓர் எழுத்தும் தோன்றாது, கோப்பிலும் எழுதப்படாது. அதன்பின் அமைப்புக் கோப்பை எழுதித் தன் வேலையை முடித்துக்கொள்ளும். களத்தை நிறுத்தித் திறந்தால் மாணவர் தம் பெயரிலேயே நுழைவார். ‘நான் யார்?’ எனப் பொருள்படும் கட்டளை ஒன்று லினக்ஸில் உண்டு. அதனை இட்டுப் பார்த்து, ‘ரூட்’ என்று வராது தம் பெயர் வருகிறதா என உறுதிசெய்துகொள்ளலாம். ஆணைத்தொடர் வாய்த்ததா என்பதற்கு இதுவே முதற் சோதனை.

இக்குறையை ஆக்கியோரும் உணர்ந்தனர் எனலாம். முதன்முறை திறக்கும்போது இன்ன நிரலை இயக்குக என்று பொதியின் உள்ளேயே குறித்துவைக்கும் புதிய அமைப்பினை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. அம்முறையில் ஆக்கிய பொதியை, பழைய இறக்குமதிக் கட்டளையை விடுத்து, நிறுவும் கட்டளையினால் நிறுவினால், முற்கூறிய வரவேற்பு வினாக்கள் அதிலும் எழும். பழைய வகைப் பொதிகளைக் கையாள்வோர்க்கு ஆணைத்தொடரே துணை. புதிய முறையிலும், வரவேற்கும் நிரலை எழுதுபவர் மேற்கூறிய ஐந்தினையும் கருத்திற் கொள்ளாது விடமுடியாது.

இவையாவற்றிலிருந்தும் ஒரு வரம்பு புலனாகின்றது. முப்பது பேருக்கும் பொதுவானவற்றை இயந்திரம் செய்யட்டும். அது சலிப்பின்றிச் செய்யும், வரிசை தவறாது செய்யும். ஒருவர்க்கே உரியதாகிய இரகசியத்தை அவரே தம் கையால் இடட்டும். அந்த அரை நிமிட வேலையையும் மிச்சப்படுத்த முனைபவர், முப்பது கணக்குகளைத் திறந்தும் ஒருவருக்கேனும் உண்மையான கணக்கொன்றைக் கொடுத்தவர் ஆகார்.